பிரான்ஸ் கிராமத்து வசந்தம்: விடுமுறைகளும் அந்தந்த வாரத்துச் சாப்பாடும்

கேள்வி சுருக்கமாக இது: மகள் பிரான்ஸில் படிக்கிறாள். அவளுடைய தோழியின் குடும்பம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. வசந்த காலத்தில் சில வாரங்கள் வந்து தங்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் வரிசையாக அரசு விடுமுறைகள் வருகின்றனவே, அன்றைக்கெல்லாம் கிராமத்தில் என்ன நடக்கும், என்ன சாப்பிடுவார்கள், போகிறவர்கள் எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? குடும்பத்தில் இரண்டு பேர் சைவம்.

நல்ல சமயத்தில் போகிறீர்கள். பாரிஸை எந்த மாதத்திலும் பார்க்கலாம். கிராமத்தைப் பார்க்க ஏப்ரல், மே போல வராது. இந்த விடுமுறைகளில் சில தேவாலயம் கொடுத்தவை, ஒன்று தொழிலாளர் போராட்டம் கொடுத்தது, ஒன்று போர் முடிந்ததற்கானது. இன்றைக்குப் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் யாரும் பூசைக்குப் போவதில்லை, ஊர்வலத்துக்கும் போவதில்லை. ஆனாலும் அந்த நாட்கள் வெறும் ஓய்வு நாட்களாகக் கரைந்து போகவில்லை. அந்த வாரம் தோட்டத்தில் எது விளைந்திருக்கிறதோ அதை ஒட்டியே ஒவ்வொரு நாளும் உயிரோடு இருக்கிறது. ஈஸ்டர் என்றால் முட்டையும் ஆட்டுக்குட்டியும், மே முதல் நாள் என்றால் காட்டுப்பூ, விண்ணேற்றப் பெருவிழா வாரம் என்றால் தக்காளி நாற்று. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் நாட்களைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் திங்கள், மே 1, மே 8, ஆண்டவரின் விண்ணேற்ற வியாழன், தூய ஆவி ஞாயிறுக்கு (பெந்தெகொஸ்தே) மறுநாள் திங்கள். வசந்தத்தில் நாடு முழுக்க விடுமுறை இந்த ஐந்துதான். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதிலிருந்து 40ஆம் நாள் விண்ணேற்றம், 50ஆம் நாள் தூய ஆவித் திருவிழா. நம் ஊரில் புனித வெள்ளி விடுமுறை. கத்தோலிக்க மரபு ஊறிய பிரான்ஸிலோ அது சாதாரண வேலை நாள். நெப்போலியன் காலத்தில், 1802இல், மதப் பண்டிகைகளைக் குறைத்து கிறிஸ்துமஸ், விண்ணேற்றம், ஆகஸ்ட் மாதத்து மாதா விண்ணேற்பு, அனைத்துப் புனிதர் தினம் என்று நான்கை மட்டும் விடுமுறையாக வைத்தார்கள். ஈஸ்டர் திங்களும் தூய ஆவித் திங்களும் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன. கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸ், மோசெல் பகுதிகள் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தன. அந்தக் காலத்துச் சட்டம் இன்றும் அங்கே நடைமுறையில் இருப்பதால், புராட்டஸ்டன்ட் ஆலயம் உள்ள ஊர்களில் புனித வெள்ளியும் விடுமுறை. உங்கள் கிராமம் அந்தப் பக்கம் என்றால் கடை அடைப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டரிலிருந்து தொடங்குவோம். பெரிய வியாழன் மாலையிலிருந்து கோயில் மணிகள் அடிக்காது. மணிகளெல்லாம் ரோமுக்குப் பறந்து போய்விட்டன என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். ஈஸ்டர் இரவில் திரும்பி வரும்போது தோட்டத்தில் முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகுமாம். ஞாயிறு காலையில் பிள்ளைகள் கூடையோடு புல்வெளியிலும் செடி மறைவிலும் தேடுவதை நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள். இப்போது அவை சாக்லேட் முட்டைகள், சாக்லேட் மணிகள், சாக்லேட் கோழிகள். அல்சாஸில் மட்டும் கதை வேறு. அங்கே முட்டை போடுவது முயல், பிள்ளைகள் அதற்காகத் தோட்டத்தில் கூடு செய்து வைப்பார்கள். மணி அடிக்காத அந்த இரண்டு நாட்களுக்கு அல்சாஸ், லொரேன் பக்கத்துச் சில கிராமங்களில் சிறுவர்கள் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பூசை நேரத்தை அறிவிப்பார்கள். அதற்குக் கூலியாக வீடுகளில் முட்டையும் சில்லறையும் கிடைக்கும். வழக்கம் பல ஊர்களில் நின்றுவிட்டது. நிற்காத ஊரில் நீங்கள் தங்கினால் அதிர்ஷ்டசாலிகள்.

ஏன் முட்டை? உயிர்ப்பின் அடையாளம் என்ற விளக்கம் எல்லோருக்கும் தெரியும். கோழிக்கூண்டைப் பார்த்தால் இன்னொரு காரணம் கிடைக்கும். பகல் சுருங்கும் குளிர்காலத்தில் நாட்டுக்கோழி முட்டையிடுவதைக் குறைக்கும், நிறுத்தியும்விடும். பிப்ரவரி, மார்ச்சில் வெளிச்சம் கூடக்கூட மறுபடி இடத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. முந்தைய நூற்றாண்டுகளில் தவக்காலத்தில் முட்டை உண்ணக் கூடாது என்ற தடை இருந்தது. கோழி இட்டுக்கொண்டே இருக்கும், வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளை என்ன செய்வது? அவித்தார்கள், சாயம் போட்டார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், பெரிய பெரிய ஆம்லெட்டாக ஊரோடு உட்கார்ந்து தின்றார்கள்.

அந்த ஆம்லெட் வழக்கம் தெற்கில் இன்னும் பலமாக இருக்கிறது. ஈஸ்டர் திங்களன்று குடும்பமாக வயல்வெளிக்குப் போய் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவார்கள். போர்தோ பக்கத்தில் அதில் கட்டாயம் இளம் பூண்டுத் தாள் இருக்க வேண்டும். பூண்டு இன்னும் பல் பல்லாகப் பிரியாத பருவத்தில் பிடுங்கி, வெள்ளையும் பச்சையுமாகப் பொடியாக நறுக்கி, கொழுப்பில் வதக்கி முட்டையை ஊற்றுவார்கள். காரம் இல்லாமல் பூண்டு வாசனை மட்டும் நிற்கும். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ருசியோன் பகுதியில் பாடகர் குழுக்கள் வீடு வீடாகப் போய் கத்தலான் மொழியில் உயிர்ப்புப் பாடல்கள் பாடி, முட்டையும் தொத்திறைச்சியும் வாங்கிவந்து அதை வைத்துச் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டு. துலூஸ் நகருக்கு அருகே பெசியேர் என்ற ஊரில் ஈஸ்டர் திங்களன்று 15,000 முட்டைகளில் ஒரே ஆம்லெட் போடுகிறார்கள். 1973இலிருந்து நடக்கிறது. நாலு மீட்டருக்கு மேல் அகலமான வாணலி, கீழே விறகுத் தீ, நீளமான மரத்துடுப்புகளோடு சுற்றி நின்று கிளறும் வெள்ளைத் தொப்பிக்காரர்கள், பிறகு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு பங்கு. நெப்போலியன் அங்கே தங்கியபோது ஆம்லெட் ருசித்துப்போய்த் தன் படைக்கே ஒன்று போடச் சொன்னதாகக் கதை. கதையை விடுங்கள், அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று பார்க்க வேண்டும்.

முட்டை மிச்சமானால் அடுத்து ரொட்டி அடுப்புக்குத்தான் போகும். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஈஸ்டர் பண்டம். அட்லாண்டிக் கரையில் வாந்தே பக்கம் முட்டையும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்த இனிப்பு ரொட்டி. ரோன் பள்ளத்தாக்கில் ரோமான் ஊரின் ‘போஞ்’, ஆரஞ்சுப் பூத்தண்ணீர் மணக்கும் வளைய ரொட்டி. கோர்சிக்காவில் முழு முட்டையை ஓட்டோடு மாவில் பதித்துச் சுடுவார்கள். அல்சாஸில் ஆட்டுக்குட்டி வடிவத்தில் ஸ்பாஞ்ச் கேக், மேலே சர்க்கரைப் பொடி தூவி, முதுகில் சின்னக் காகிதக் கொடி குத்தியிருப்பார்கள். அதைச் சுடுகிற இரண்டு பாதி மண் அச்சு சுஃப்லென்ஹைம் குயவர்கள் செய்வது. ஊருக்கு எடுத்துவரக் கனமில்லாத நல்ல பொருள். நாட்டின் நடுவே பெரி பகுதியில் இனிப்பு கிடையாது. பன்றியும் கன்றும் கொத்தி, நடுவே அவித்த முட்டைகளை வரிசையாக அடுக்கி, மடிப்பு மாவில் சுற்றிச் சுடுவார்கள். எந்தத் துண்டு போட்டாலும் நடுவில் மஞ்சள் கரு தெரிய வேண்டும் என்பது கணக்கு. குருத்தோலை ஞாயிறு வாக்கிலேயே ரொட்டிக்கடைகளில் வந்துவிடும். (குருத்தோலை என்றேன், அங்கே தென்னையும் பனையும் ஏது? வடக்கே பாக்ஸ் மரக்கிளை, தெற்கே ஒலிவக் கிளை. மந்திரித்த கிளையை வருஷம் முழுக்கச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைப்பார்கள்.)

ஈஸ்டர் ஞாயிறு மதியம் ஆட்டுக்குட்டித் தொடை. ‘ஜிகோ’ என்பார்கள். கத்தி முனையால் சதையில் குத்தி, பூண்டுச் சீவல்களை உள்ளே செருகி, தைம், ரோஸ்மேரி தூவி ஓவனில் வைப்பார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே வெளியே எடுப்பதுதான் அங்கே பக்குவம். நன்றாக வெந்தது வேண்டுமென்றால் ஓரத்துத் துண்டைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கூடவே ‘ஃப்லாஜோலே’ என்ற வெளிர்பச்சைப் பீன்ஸ், காயவைத்து எடுத்து வைத்தது. ஏப்ரலில் புதுப் பீன்ஸ் எங்கே வரும்? சேமித்து வைத்த பழைய பயறும் அந்த வருஷத்து இளங்குட்டியும் ஒரே தட்டில் வருவதுதான் அந்தப் பருவத்தின் நியாயம். மே மாதம் ஆகி இளம் பட்டாணி, குட்டிக் கேரட், பிஞ்சு டர்னிப் வந்துவிட்டால் அதே ஆட்டுக்கறி அவற்றோடு சேர்ந்து ‘நவரான்’ என்ற குழம்பாகும். எனக்கு ஜிகோவைவிட நவரான்தான் மேல். காய்கறி ஒவ்வொன்றும் குலையாமல் தனித்தனியாக நிற்கும், சாறு மட்டும் ஒன்றாயிருக்கும்.

தோட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கிராமத்து வீடு என்றால் பின்னால் காய்கறித் தோட்டம் இருக்கும். மார்ச், ஏப்ரல் அங்கே வறண்ட இடைவெளி. குளிர்காலக் கோசும் லீக்கும் முடிந்திருக்கும், புதுசு இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியைக் களையும் காட்டுக்கீரையும்தான் அடைத்தன. டான்டெலியன் செடியைப் பூ விடும் முன் வேரோடு கெல்லி எடுத்து, மண் போக நாலைந்து தண்ணீர் கழுவி, பொரித்த பன்றித் துண்டும் அதன் சூடான கொழுப்பில் விட்ட வினிகரும் ஊற்றி சாலட் செய்வார்கள். கசப்புதான் அதன் ருசி. கீரை உண்டு பழகிய நமக்கு அது உடனே பிடித்துப்போகும். கொட்டும் காஞ்சொறிச் செடியின் கொழுந்தைக் கையுறை போட்டுக் கிள்ளி, உருளைக்கிழங்கோடு சூப் வைப்பார்கள். வெந்தால் அரிப்பு போய்விடும்.

முதலில் வரும் புதுக்காய் முள்ளங்கி. விரல் நீளம், மேலே ரோஜா நிறம், நுனி வெள்ளை. காம்பு ஒரு அங்குலம் விட்டு, கழுவி அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். உப்பு, வெண்ணெய், ரொட்டி. சமையல் ஏதும் இல்லை. முள்ளங்கிக் காரத்தை வெண்ணெய் தணிக்கும், அவ்வளவுதான் வித்தை. ஆடுகள் குட்டி போட்டுப் பால் கறக்கும் பருவமும் இதுவே என்பதால் சந்தையில் புது வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி குவிந்திருக்கும். ஈரப்பதம் போகாத, மூன்று நான்கு நாள் வயதுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். காய்ந்து இறுகியது வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

பிறகு அஸ்பாரகஸ். நம் தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியின் நெருங்கிய சொந்தம், ஆனால் இங்கே தின்பது மண்ணைப் பிளந்து வரும் தண்டுக்குருத்தை. பிரான்ஸில் பலருக்கும் பிரியமானது வெள்ளை அஸ்பாரகஸ். அது தனி ரகம் இல்லை, வெயில் படாமல் வளர்த்தது. வரிசையின் மேல் மணலை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் கட்டிவிடுவார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மேட்டின் மேல் மெல்லிய வெடிப்பு தெரியும். அந்த இடத்தில் விரலால் மண்ணை விலக்கி, நீண்ட உளி போன்ற கருவியை உள்ளே விட்டு, அடியில் அறுத்து எடுத்து, குழியை மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு தண்டும் இப்படிக் கையால்தான். விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். நட்டு மூன்றாம் வருஷத்தில்தான் ஒழுங்காக அறுவடை தொடங்கும். ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் செடியைத் தழைக்க விட்டால்தான் வேர் அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கும்.

அல்சாஸில் ஹோர்ட் என்ற ஊருக்கு 1873இல் ஹெய்லர் என்ற போதகர் இந்தப் பயிரைக் கொண்டுவந்தார். மணற்பாங்கான மண்ணில் அது வேரூன்றி ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே ஏப்ரல் நடுவிலிருந்து உணவகங்களில் ஒரு தட்டு நிறைய அஸ்பாரகஸ், மூன்று விதச் சாஸ், பக்கத்தில் ஹாம், அதுவே முழுச் சாப்பாடு. தென்மேற்கில் லாந்து பகுதியின் மணலிலும் நல்ல வெள்ளை விளைகிறது. தெற்கே ப்ரொவான்ஸில் பச்சை. வீட்டில் உங்களையும் தோல் சீவச் சொல்வார்கள், எனவே தெரிந்துகொள்ளுங்கள்: நுனி மொட்டைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே தொடங்கி, அடி வரை ஒரே இழுப்பில் சீவ வேண்டும். வெள்ளைக்குத் தோல் நார் கடுமையானது, ஒரு இழை நின்றாலும் வாயில் சிக்கும். அடிக்கட்டை ஒடியும் இடத்தில் ஒடித்துவிடலாம். பிறகு உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்ட தண்ணீரில், தண்டின் கனத்தைப் பொறுத்து கால் மணிக்குச் சற்று முன்பின்னாக வேக வேண்டும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். தோலையும் கட்டையையும் எறிய மாட்டார்கள், இரவுக்கு சூப் ஆகும். ஜனவரியில் கடல் கடந்து வரும் அஸ்பாரகஸும் பெரிய கடைகளில் உண்டு. அதை வாங்கித் தின்றுவிட்டு இது இவ்வளவுதானா என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மே முதல் நாளுக்கு வருவோம். நாட்டில் சட்டப்படி சம்பளத்தோடு கட்டாய ஓய்வு உள்ள ஒரே நாள் இது. சட்டம் 1947இல் வந்தது. அதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1891 மே 1 அன்று வடக்கே ஃபூர்மி என்ற நெசவாலை ஊரில் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கூடியவர்கள் மீது ராணுவம் சுட்டதில் ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் சிவப்புக் காட்டு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 1941இல் ஜெர்மனிக்கு அடங்கிய விஷி அரசின் தலைவர் பெத்தேன் இந்த நாளைத் தன் பாணியில் அரசு விழாவாக்கியபோது, சிவப்பு ரோஜாவை ஓரங்கட்டி வெள்ளை ‘மியூகே’ பூவை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மியூகேயை வசந்தத்தில் அதிர்ஷ்டத்துக்காகக் கொடுப்பது அதைவிட வெகு பழைய வழக்கம். 1561இல் மன்னர் ஒன்பதாம் ஷார்ல் அரண்மனைப் பெண்களுக்குக் கொடுத்துத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று இந்த அரசியலெல்லாம் மறந்து எல்லோரும் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

மியூகே என்பது இரண்டு அகல இலைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய காம்பும், அதில் தொங்கும் சின்னச் சின்ன வெள்ளை மணிகளும். பதின்மூன்று மணி உள்ள காம்பு கிடைத்தால் கூடுதல் அதிர்ஷ்டமாம். விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி நாந்த் நகரைச் சுற்றி வளர்க்கப்படுவது. அன்று ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் தெருவில் விற்கலாம் என்ற சலுகை உண்டு. அதனால் சாலை முக்குகளில் பள்ளிப் பிள்ளைகளும் கட்சிக்காரர்களும் வாளியோடு நிற்பார்கள். கிராமத்திலோ காலையில் காட்டுக்குப் போய்ப் பறித்துவருவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் இதை நினைவில் வையுங்கள். மியூகே முழுச்செடியும் விஷம், அது நிற்கும் குவளைத் தண்ணீரும் விஷம். அதே காட்டில் அதே வாரத்தில் கரடிப்பூண்டு என்ற காட்டுக்கீரையும் முளைக்கும். அதைத் துவையல் அரைப்பார்கள், அவ்வளவு ருசி. இரண்டின் இலையும் ஒன்றுபோலத் தெரியும். கரடிப்பூண்டில் ஒவ்வொரு இலையும் தனிக் காம்போடு நேரே மண்ணிலிருந்து வரும், மியூகேயில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள். முகர்ந்து பார்த்தால் தெரியும் என்பார்கள். பத்து இலை பறித்த பிறகு கையெல்லாம் பூண்டு மணம் ஏறியிருக்கும், அப்போது மூக்கை நம்ப முடியாது. தெரிந்தவர் காட்டினால் ஒழியப் பறிக்க வேண்டாம்.

அல்சாஸ், மோசெல் கிராமமானால் ஏப்ரல் 30 இரவு பூந்தொட்டி, நாற்காலி, கால்மிதி எதையும் வாசலில் விடாதீர்கள். இளவட்டங்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சதுக்கத்தில் குவித்து வைப்பார்கள். காலையில் ஊரே போய்த் தன் தன் சாமானைத் தேடி எடுக்கும். பெரிகோர், லிமூசேன் பக்கமானால் வேறொரு காட்சி. மாநகர, கிராம மன்றத் தேர்தல் நடந்த வருஷத்தில் புது மேயர் வீட்டு முன்னால் கிளை கழித்த உயரமான மரத்தை நட்டு, உச்சியில் மூவர்ணக் கொடி கட்டி, ‘எங்கள் பிரதிநிதிக்கு மரியாதை’ என்று பலகை மாட்டுவார்கள். மரம் நட வந்தவர்களுக்கெல்லாம் அவர் விருந்து வைக்க வேண்டும். அந்த மரத்தை வெட்டக் கூடாது, தானாக மக்கி விழும்வரை நிற்கும். ஒரே வீட்டு முன் இரண்டு மூன்று மரங்கள் நின்றால் அவர் எத்தனை முறை ஜெயித்தார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மே 8 இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் முடிந்த நாள். இதன் விடுமுறை அந்தஸ்து போய்ப் போய் வந்தது. 1953இல் விடுமுறையாகி, 1959இல் அதிபர் தெ கோல் காலத்தில் எடுக்கப்பட்டு, 1975இல் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன் ஜெர்மனியுடனான நட்புக்காக அரசு நினைவு விழாவையே நிறுத்தி, 1981இல் அதிபர் மித்தரான் மறுபடி கொண்டுவந்தார். கிராமத்தில் இதைத் தவறவிடாதீர்கள். பிரான்ஸில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் போரில் இறந்தவர்களுக்கு ஒரு கல் இருக்கிறது. அதில் முதல் உலகப்போர்ப் பெயர்கள் நீளமாக, ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை வரும். இரண்டாம் போரின் பெயர்கள் கீழே சிறு பட்டியலாக. காலை பதினொரு மணி வாக்கில் மூவர்ணப் பட்டை அணிந்த மேயர், கொடி பிடிக்கும் முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஊர்க்காரர் ஒரு ஐம்பது அறுபது பேர். மலர்வளையம் வைப்பார்கள், அமைச்சர் அனுப்பிய செய்தியை மேயர் வாசிப்பார், பெயர்களைப் படிப்பார்கள், ஊதுகுழல், ஒரு நிமிட மௌனம், தேசிய கீதம். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்நியர் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம், போய் நின்றாலே ஊருக்கு மகிழ்ச்சி. பிறகு ஊர்மன்றக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கோப்பை வைனும் உப்புப் பண்டங்களும் உண்டு. அந்த அரை மணியில் ஊரில் பாதிப் பேரின் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மே 11, 12, 13 ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள்: மாமேர், பாங்க்ராஸ், செர்வே. விடுமுறை இல்லை, ஆனால் தோட்டக்காரனுக்கு எந்த விடுமுறையையும்விட முக்கியம். அதற்கு முன் தக்காளி, கத்தரி, பீன்ஸ் நாற்றை வெளியே நட மாட்டார்கள். ஓர் இரவு உறைபனி வந்தால் போயிற்று. இப்போதைய நாட்காட்டிகளில் அந்தத் தேதிகளில் வேறு பெயர்கள்தான் அச்சாகின்றன, ஆனாலும் தோட்டத்தில் பழைய மூவர்தான் ஆட்சி. இது வெறும் நம்பிக்கை இல்லை. ஈஸ்டருக்குப் பிந்தைய நிலாச்சுற்றில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி இறங்குவது இன்றும் நடக்கிறது. 2021 ஏப்ரலில் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்த உறைபனி நாடெங்கும் திராட்சைத் தளிரையும் பழமரப் பூவையும் கருக்கியது. விவசாயிகள் இரவெல்லாம் வரிசைக்கு வரிசை தீப்பந்தம் ஏற்றிக் காத்தும் பலருக்கு விளைச்சல் போனது. பயிரைக் காக்க வேண்டியே விண்ணேற்றத்துக்கு முந்தைய மூன்று நாட்களில் குருவானவர் வயல்களை மந்திரித்து ஊர்வலம் போகும் வழக்கம் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் வியென் நகர் ஆயராக இருந்த மாமேர் தொடங்கியது. இன்று அபூர்வமாகச் சில ஊர்களில் மட்டும் நடக்கிறது.

விண்ணேற்றம் எப்போதும் வியாழன். வெள்ளியையும் லீவு போட்டால் நான்கு நாள். இதற்குப் ‘பாலம்’ போடுவது என்று பெயர். நகரத்துப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கிராமத்து வீட்டுக்கு வந்து இறங்குவது அப்போதுதான். வந்தவர்கள் கையில் மண்வெட்டி கொடுக்கப்படும். பனிப் புனிதர்கள் கழிந்திருந்தால் நாற்று நடவு, இல்லாவிட்டால் விறகு அடுக்கல், வேலிக்கு வர்ணம். மதியம் நீண்ட மேசை போட்டு வெளியே சாப்பாடு. ரொபீனியா மரம் பூத்திருந்தால் கொத்துக் கொத்தாகப் பறித்து, கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து சர்க்கரை தூவித் தருவார்கள். நம் பஜ்ஜி போலவே, உள்ளே தேன் வாசனைப் பூ. அங்கே அதை அக்கேசியா பூ என்பார்கள். பூவை மட்டும் தின்ன வேண்டும், அந்த மரத்தின் மற்ற பாகங்கள் நச்சு. மே தொடக்கத்தில் நுவார்மூத்தியே தீவின் ‘பொன்னோத்’ என்ற சிறு உருளைக்கிழங்கும் வரும். கடற்பாசி உரமிட்ட மணலில், பிப்ரவரி தொடக்கத்தில் நட்டு ஏறக்குறைய தொண்ணூறு நாளில் கையால் தோண்டுவது. தோல் உரிக்காமல் வெண்ணெயில் புரட்டினால் போதும். ஸ்ட்ராபெரியில் முதலில் வருவது நீளமான, புளிப்பு கலந்த ‘கரிகெத்’. பிரெத்தான்யில் ப்ளூகாஸ்தெல் ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. 1714இல் ஃப்ரெசியே என்ற ராணுவப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து கொண்டுவந்த பெருங்காய் ரகம் அந்தப் பக்கத்து மண்ணில் நிலைத்தது. அது வட அமெரிக்க ரகத்தோடு கலந்ததில்தான் இன்று உலகம் தின்னும் ஸ்ட்ராபெரி பிறந்தது.

மே கடைசி வரை இருப்பீர்களானால், மே 25ஐ ஒட்டிய வார இறுதியில் ஒப்ராக் மேட்டுநிலத்துக்குப் போக முடியுமா பாருங்கள். பள்ளத்தில் குளிர்காலத்தைக் கழித்த பசுக்களை மேய்ச்சலுக்கு மேலே ஏற்றும் விழா. கோதுமை நிறம், மை தீட்டியது போன்ற கண்கள், கொம்பில் பூவும் கொடியும், கழுத்தில் பெரிய வெண்கல மணி. அக்டோபர் 13 வரை மேலேயே இருக்கும். சாப்பாடு ‘அலிகோ’: மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் கிரீமும் போட்டு, புளிக்காத புதுப் பாலாடைக்கட்டியைச் சேர்த்து, மரக்கரண்டியால் தூக்கித் தூக்கிக் கிண்ட வேண்டும். ஆள் உயரத்துக்கு இழை அறாமல் வந்தால் பதம். மந்தையை மலைக்கு ஓட்டிச் செல்லும் இந்த மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் பிரான்ஸையும் சேர்த்து அங்கீகரித்தது.

தூய ஆவித் திங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். 2003 கோடையின் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள், இறந்தார்கள். அதன் பிறகு 2004இல், முதியோர் பராமரிப்புக்கு நிதி சேர்க்க எல்லோரும் வருஷத்தில் ஒரு நாள் கூடுதல் ஊதியமில்லாமல் உழைப்பது என்று சட்டம் வந்தது. முதலில் அந்த நாளாக இதையே வைத்தார்கள். 2008இலிருந்து நிறுவனங்களே நாளைத் தேர்ந்தெடுக்கின்றன. எனவே அன்று சில இடங்கள் திறந்திருக்கும், சில மூடியிருக்கும். கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி நடைமுறை. விடுமுறைக்கு முந்திய நாள் மாலைக்குள் சாமான் வாங்கிவிடுங்கள். கிராமத்து ரொட்டிக்கடை அன்று திறந்தாலும் மதியத்தோடு சாத்திவிடும், மே 1 அன்று எதையும் நம்ப முடியாது. விண்ணேற்ற வாரத்து ரயிலுக்கு முன்பே இடம் போட்டு வையுங்கள். விருந்துக்கு அழைத்தால் பூ கொண்டு போகலாம். சாமந்தி வேண்டாம், அது அங்கே கல்லறைக்கானது. மே 1 அன்று ஒரு காம்பு மியூகே போதும்.

சைவம் என்பதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரம்மா தவித்துப் போவார். முட்டை சாப்பிடுவீர்களா, பால் பொருள் ஆகுமா என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மீன் உண்பவரையும் அங்கே சிலர் சைவம் என்று எண்ணிவிடுவதுண்டு. காஞ்சொறி சூப் கோழிச் சாற்றில் வைத்ததா, டான்டெலியன் சாலட்டில் பன்றித் துண்டு இருக்கிறதா, பட்டாணியோடு பன்றிக் கொழுப்பு வெந்ததா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி பலவற்றில் உறைய வைப்பது கன்று வயிற்றிலிருந்து எடுத்த உறை, அலிகோவில் சேர்ப்பதும் அப்படியே. கண்டிப்பான சைவர்கள் இதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மற்றபடி அஸ்பாரகஸ், முள்ளங்கி, புது உருளை, இளம் பட்டாணி, பூண்டுத்தாள் ஆம்லெட், பூ பஜ்ஜி, ஸ்ட்ராபெரி, மே பிறந்ததும் ஸ்பெயின் எல்லையோரம் சேரே ஊரிலிருந்து வரும் நாட்டின் முதல் செர்ரி என்று, வருஷத்தில் வேறு எந்த மாதத்தையும்விட இப்போது உங்கள் வீட்டுச் சைவர்களுக்கு அங்கே சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்.